பதினோராவது மாமரம்

திருத்தணிக்குப் போகிறேன், சனிக்கிழமை லீவு வேண்டும் என்றபோது எங்கள் தலைமைக் குமாஸ்தா, "என்ன வேண்டுதல்?" என்று கேட்டார். வேண்டுதல் ஒன்றும் இல்லை, மாம்பழம் பார்க்கப் போகிறேன் என்றேன். "ஏன் ஐயா, பட்டணத்தில் மூலைக்கு மூலை குவித்து வைத்திருக்கிறானே! ரயிலேறிப் போய்ப் பார்க்க அங்கே என்ன தங்கத்திலா காய்க்கிறது?" என்றார். அவர் வாய்க்குப் பயந்து நான் மேலே ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் ரங்கூனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. உங்களுக்கு இருக்கும் என்று நம்பி எழுதுகிறேன்.

சண்டை முடிந்த மறு வருஷம், ஆனி மாதம். காலை ஆறே காலுக்குச் சென்ட்ரலில் பாஸஞ்சர் வண்டி. திருத்தணி ஐம்பத்திரண்டு மைல், மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஒரு ரூபாய் இரண்டணா. வண்டியில் ஏறுவதற்குள் சட்டையில் இரண்டு பொத்தான் போயிற்று. பட்டாளத்திலிருந்து கலைத்து அனுப்பப்பட்டவர்கள் தகரப் பெட்டிகளோடு கதவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். எதிரே மஞ்சள் துணி கட்டிய ஒரு குடும்பம், மொட்டை போடப் போகிறது. ஜன்னலோரம் ஒரு பாகம் இடம் கிடைத்தது. பாகம் என்றால் கால் பாகம். அதுவே போதும் என்று ஒட்டிக்கொண்டேன்.

அரக்கோணம் போகும்வரை வேறு வேலை இல்லாததால், ரங்கூன் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் நான் கணக்கு எழுதினேன். மூட்டை எடை போடுகிற இடத்தில் ஒருவர் மேஸ்திரி. மில்லில் இருந்த தமிழர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். நான் ‘செங்கல்பட்டு’. அவர் ‘தணி’. நாலு வருஷம் பக்கத்துப் பக்கத்து அறையில் குடியிருந்தோம், ஒரே சட்டியில் சமைத்தோம். அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. திருத்தணிக்குப் பக்கத்தில் எந்தக் கிராமம் என்றும் கேட்கவில்லை. மடத்தனத்துக்கு ஓர் அளவு வேண்டாமா? கேட்கத் தோன்றவே இல்லை. அவரும் என் பெயரைக் கேட்டதில்லை.

ஜப்பான்காரன் குண்டு விழுந்ததும் எல்லோரும் ஓடி வந்தோம். புரோம் வரை லாரியில், அதற்குமேல் மலை தாண்டி டாங்கூப் கடற்கரை வரை காலால். மூன்றாம் நாளே எனக்குக் கால் விட்டுப்போயிற்று. பாறைமேல் உட்கார்ந்து, நீங்கள் போங்கள், நான் இங்கேயே கிடக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். தணி என்னைத் திட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. "எங்க தோப்புல பதினோரு மாமரம் இருக்குது. அதோ, அந்தத் திருப்பம் வரைக்கும் வா. ஒரு மரத்தைச் சொல்றேன்" என்றார். பசியில் செத்துக்கொண்டிருந்தவனுக்கு மாம்பழம்! எழுந்து போனேன். திருப்பத்துக்கு ஒரு மரமாக அவர் என்னை இழுத்துக்கொண்டு வந்தார். வழி நெடுகத் தின்றோம், இருவரும், வெறும் வாயால். பத்து மரத்தைப் பகலில் சொல்வார். பதினோராவதைப் படுக்கும்போது மட்டும்தான் சொல்வார். அது கிணற்று மேட்டில் இருக்கிற மரம். "அதுக்கு இன்னும் பேரு வெக்கல. ஆனா அந்தப் பழத்துக்கு முன்னாடி மத்ததெல்லாம் தூசு" என்பார்.

டாங்கூப்பில் காலரா. கடற்கரையில் ஆயிரக்கணக்கில் ஜனம், படகோ நாளுக்கு ஒன்றோ இரண்டோ. தணிக்கு ஒரு படகுச் சீட்டுக் கிடைத்தது. எனக்குக் காய்ச்சல் கொதித்தது. அந்தச் சீட்டை என் சட்டைப் பையில் திணித்து, என்னைத் தூக்கிப் படகில் போட்டார். "நீ போ, செங்கல்பட்டு. நான் அடுத்த படகுல வரேன்" என்றார். நான் வேண்டாம் என்று சொன்னேனா? சொல்லவில்லை. நன்றாக நினைவிருக்கிறது, சொல்லவில்லை. சிட்டகாங்கில் ஆறு நாள் காத்திருந்தேன். எந்தப் படகிலும் அவர் வரவில்லை.

நாலு வருஷமாக ஏன் ஐயா போய் விசாரிக்கவில்லை என்று கேட்பீர்கள். பயம்தான். நான் போகாத வரைக்கும் அவர் தோப்பில் உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தார். போய்ப் பார்த்து அவர் இல்லை என்று ஆகிவிட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? போன மாதம் எங்கள் தெருவில் ஒரு கூடைக்காரி மாம்பழம் கொண்டுவந்தாள். ஒன்றை எடுத்து மோந்தேன். சீரக வாசனை! தணி சொன்ன ஒரு மரம் அப்படித்தான். "எந்த ஊர்ப் பழம்?" என்றேன். "திருத்தணிப் பக்கம்" என்றாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் வந்து சேர்ந்தாரா இல்லையா, அது தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

காலை 9.20. திருத்தணி. ஸ்டேஷனுக்கு வெளியே ஜட்காக்காரர் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "மலைக்கா சாமி? நாலணா" என்றார். எனக்குப் போக வேண்டிய இடம் சந்தை. ஆனால் வாய், "ஆமாம், மலைக்கு" என்றது. பயந்தவனுக்குச் சுற்று வழிதான் நேர் வழி. அடிவாரத்தில் இறங்கி முந்நூற்று அறுபத்தைந்து படி ஏறினேன். நாளுக்கு ஒரு படி என்று கணக்கு. எனக்கு ஒவ்வொரு படியும் ஒரு வருஷமாக இருந்தது.

மேலே போய்க் கும்பிட்டுவிட்டு மதில் ஓரம் வந்து நின்றேன். மேற்கே பாறைக் குன்றுகள், அவற்றுக்கு நடுவே நெல் நாற்று, நிலக்கடலை, ஆங்காங்கே கருப்பாகத் திட்டுத் திட்டாக மாந்தோப்புகள். எண்ணிப் பார்த்தேன். பதினேழு வரை எண்ணி விட்டுவிட்டேன். இதில் எந்தத் தோப்பில் இருக்கிறார் அவர், அப்பனே? முருகனிடம் நான் கேட்டது அது ஒன்றுதான். கேட்டு முடித்ததும் கண் கலங்கிவிட்டது. மொட்டை போட்ட குடும்பம் என்னைப் பக்தன் என்று நினைத்து வழி விட்டது.

காலை 11 மணி. அடிவாரத்துச் சந்தையில் வைக்கோல் பரப்பிய பழக்கடைகள் ஒரு வரிசை. கடைக்காரர்களில் பாதிப் பேர் முஸ்லிம்கள். மரம் பூ விடும்போதே தோப்புக்குத் தோப்பு நடந்து குத்தகை பேசுகிறவர்கள் இவர்கள்தான். யாரைக் கேட்டாலும், "காதர் பாயக் கேளுங்க, அவருக்குத் தெரியாத மரம் இல்ல" என்று கை காட்டினார்கள். காதர் பாய் அறுபது வயது மனிதர், மருதாணிச் சிவப்பில் தாடி. ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. மிச்சமிருந்த கண்ணால் என்னை எடை போட்டார்.

"இன்னா சார் வேணும்? ருமானிப் பழமா, மல்கோவாவா?"

"எனக்குப் பழம் வேண்டாம் பாய். ஓர் ஆளைத் தேடி வந்தேன்."

"ஆளு பேரு?"

"தெரியாது."

"ஊரு?"

"திருத்தணிப் பக்கம்."

"அவுங்க அப்பன் பேராவது?"

"அதுவும் தெரியாது."

"இன்னாதான் சார் தெரியும் ஒங்களுக்கு?"

"அவர் தோப்பில் இருக்கிற மாமரம் ஒவ்வொன்றும் தெரியும்."

பாய் விசிறியைக் கீழே வைத்தார். "அத மொதல்ல சொல்லக் கூடாதா? உக்காருங்க" என்று ஒரு காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டார்.

உட்கார்ந்தேன். முதலில் எனக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்க நினைத்தார் போலிருக்கிறது. குவியலிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக் கொடுத்தார். நான் அதன் நுனியை அமுக்கிப் பார்த்தேன். "ஐயோ, அமுக்காதீங்க சார்! அமுக்கினா பழம் செத்துப்பூடும்" என்று பிடுங்கிக்கொண்டார். பழத்தைக் காம்படியில் மோந்து பார்க்க வேண்டுமாம். வாசனை அங்கேதான் முதலில் வரும். அப்புறம் தோளைப் பார்க்க வேண்டும். காம்புக்கு இரு பக்கமும் தோள் உயர்ந்து, காம்பு பள்ளத்தில் போயிருந்தால் முற்றிப் பறித்த காய். தோள் விழுந்திருந்தால் பிஞ்சில் பறித்துப் புகை போட்டுப் பழுக்க வைத்தது. ருமானி பந்து போல் உருண்டை, மெல்லிய தோல், தோலோடு கடிக்கலாம். கிளிமூக்குக்குப் பெயரே அடையாளம், காயாக இருக்கும்போதுதான் அதற்கு மதிப்பு. பங்கனபள்ளி வழவழப்பாக மஞ்சளாகப் பளிச்சென்று இருக்கும், நார் துளியும் இருக்காது. மல்கோவா பார்க்கக் கரடு முரடு, அழுக்குப் பச்சை. அழகில்லை என்று ஒதுக்கினால் நஷ்டம் நமக்கு. நீலம் கடைசியில் வரும், ஆடி மாதம் தாண்டி. ரசம் பழத்தை அறுக்கவே கூடாது, உருட்டிக் கசக்கிக் காம்பைக் கிள்ளி உறிஞ்ச வேண்டும். பழம் என்றால் வாழைப்பழம் என்று நினைத்து நாற்பது வருஷம் ஓட்டிவிட்டவன் நான். வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

"இதெல்லாம் ஒட்டு மரம் சார். ஒரு மல்கோவாவுக்கு இன்னொரு மல்கோவா அண்ணன் தம்பி. கொட்டை போட்டு மொளச்ச மரம் அப்பிடி இல்ல. மல்கோவா கொட்டையப் போட்டா மல்கோவா வராது. அது இஷ்டத்துக்கு ஏதோ ஒண்ணு வரும். அதனால ஒவ்வொரு மரத்துக்கும் வீட்டுக்காரங்களே பேரு வெச்சிக்குவாங்க. சரி, ஒங்காளு மரத்தைச் சொல்லுங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். ‘சீரகத்தான்’. நீள வாக்கு, அறுத்தால் சீரக வாசனை. பாய் தலையை ஆட்டிவிட்டு, மூன்று பழங்களை எடுத்துச் சாக்கின்மேல் வரிசையாக வைத்தார். "சீரக வாசன மரம் மூணு தோப்புல இருக்குது. இது பள்ளிப்பட்டு. இது ஆர்.கே.பேட்டை. இது கே.ஜி.கண்டிகை. அப்புறம்?"

"‘ஏமாத்தி’. பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும். காக்காய்கூடக் காய் என்று நினைத்துப் போய்விடும்."

பாய் பள்ளிப்பட்டை எடுத்துக் குவியலில் போட்டார். "அங்க பச்சப் பழம் கெடையாது. அப்புறம்?"

"‘சக்கரைக்குட்டி’. எலுமிச்சம்பழம் அளவு. கொத்துக்குப் பத்து, பன்னிரண்டு. இரண்டு உறிஞ்சு உறிஞ்சினால் தீர்ந்துவிடும்."

அவர் கை ஆர்.கே.பேட்டைமேல் போய் நின்றது. "‘நாரன்’ இருக்குதா?" என்று அவரே கேட்டார். குரல் மாறியிருந்தது.

"இருக்கிறது. தின்றால் ஒரு வாரம் பல்லில் நார் இருக்கும்."

ஆர்.கே.பேட்டையும் குவியலில் விழுந்தது. சாக்கின்மேல் ஒரே ஒரு பழம் நின்றது. கே.ஜி.கண்டிகை.

"இன்னும் ஒன்று, பாய். கிணற்று மேட்டு மரம். ரோஜா வாசனை. நார் கிடையாது. கொட்டை தம்மாத்தூண்டு. தோலோடு தின்னலாம்."

பாய் என்னை முறைத்தார். "கிணத்து மேட்டு மரமா? இருபது வருஷமா அந்தத் தோப்பக் குத்தகை எடுக்கறேன் சார். அந்த மரத்துப் பழத்த இது வரைக்கும் யாரும் வாயில வெச்சதில்ல. ஒங்களுக்கு எப்பிடி ருசி தெரியும்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அவர்தான் சொன்னார்" என்றேன்.

"முனிரத்னமா சொன்னான்?"

முனிரத்னம்! நாலு வருஷம் கூடக் குடியிருந்து, என் உயிரைக் காப்பாற்றிய மனிதரின் பெயரை நான் ஒரு பழக்கடையில், வைக்கோலுக்கு நடுவில், அப்போதுதான் தெரிந்துகொண்டேன். இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அப்புறம் கேட்டேன்: "வந்துவிட்டாரா, பாய்?"

பாய் சாக்கின்மேல் இருந்த பழத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "வரலைங்க" என்றார்.

பாய் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார். முனிரத்னம் ரங்கூன் போகிற வருஷம் ஒரு மாங்கொட்டையைக் கிணற்று மேட்டில் நட்டுவிட்டுப் போனாராம். மூன்று வருஷமாகத்தான் அது காய்க்கிறது. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம்: கொட்டை போட்டு வளர்ந்த மரத்தின் முதல் பழத்தை நட்டவர்தான் தின்ன வேண்டும். தின்றுவிட்டு அவர்தான் மரத்துக்குப் பெயர் வைக்க வேண்டும். அதற்கு முன் யாரும் தின்பதில்லை, விற்பதில்லை. "அவன் சம்சாரம் வருஷா வருஷம் அந்த மரத்த மட்டும் குத்தகைல சேக்காம உட்டுடும். பழம் அப்பிடியே உதுந்து கெடக்கும். நானும் கேக்கறதில்ல" என்றார் பாய். "போய்ச் சொல்லுங்க சார். நல்லதோ கெட்டதோ, தெரிஞ்சத சொல்லிடுங்க. அது பஸ் பஸ்ஸா பாத்துகினு கெடக்குது."

பகல் 1 மணி. கண்டிகைக்கு ஐந்து மைல், பஸ் கட்டணம் மூன்றணா. பெட்ரோல் பஞ்சத்தில் கரி பஸ்தான் ஓடுகிறது. பின்னால் கொதிகலன் மாதிரி ஓர் உருளை, அதில் கரியைப் போட்டுக் கண்டக்டர் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி ஊதினார். அரை மணி ஊதிய பிறகு பஸ் இருமிக்கொண்டு கிளம்பியது. முதல் மேட்டிலேயே நின்றுவிட்டது. "ஆம்பளைங்க எல்லாம் எறங்குங்க, தள்ளணும்!" என்றார் கண்டக்டர். "காசும் குடுத்து பஸ்ஸையும் தள்றதா?" என்று ஒருவர் சண்டைக்கு நின்றார். "அப்போ நடந்து போய்யா, பஸ்ஸுக்கு முன்னாடி போய்ச் சேந்துடுவ" என்றார் கண்டக்டர். அவர் சொன்னது பொய்யில்லை. தள்ளிக்கொண்டே நான், என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தேன். ஒரு வாக்கியம்கூடத் தேறவில்லை.

பகல் 2.15. கண்டிகையில் டீக்கடையில் வழி கேட்டு ஒன்றரை மைல் நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. தோப்பு வாசலில் முள் படல். உள்ளே முப்பது வயதுள்ள ஒரு பெண் துறட்டிக்கோலால் காய் பறித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். அதைப் பார்த்ததும் ஒத்திகை பார்த்ததில் மிச்சம் மீதி இருந்ததும் போயிற்று.

"யாருங்க? பாய் அனுப்பனாரா?" என்றாள்.

நான் பதில் சொல்லாமல் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். எனக்குத் தெரிந்த இடத்துக்கு வந்துவிட்டது போலிருந்தது. வாசலுக்கு இடப் பக்கம் கிளை தரையில் படுகிற மரம். "இது நாரன்" என்றேன். அதற்குப் பின்னால் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. "இது சக்கரைக்குட்டி. அது ஏமாத்தி. அந்த மூலையில் இருப்பது சீரகத்தான். கீழே கல் போட்டிருப்பது ‘கல்லுக்குண்டு’, பழுக்கவே பழுக்காது, மிளகாய்த்தூள் போட்டுத் தின்ன வேண்டும்."

துறட்டிக்கோல் அவள் கையிலிருந்து விழுந்தது. "இதெல்லாம் ஒங்களுக்கு யாருங்க சொன்னது?" என்றாள். கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. படலுக்கு வெளியே, எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

"நான் மட்டும்தான் வந்தேன், தங்கச்சி" என்றேன்.

அவள் பெயர் ருக்கம்மா. நாரன் அடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மில், மலை, திருப்பத்துக்கு ஒரு மரம், கடற்கரை. படகுச் சீட்டைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் மனசு பல்லைக் காட்டியது. விடவில்லை. "அது அவருடைய சீட்டு. அவர் வர வேண்டிய படகில் நான் வந்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை" என்றேன். அவளை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லாமல் எறும்பைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"அவரு கால்ல செருப்பு இருந்துதா?" என்று கேட்டாள்.

"இருந்தது. லாரி டயரில் வெட்டித் தைத்துக்கொண்டார். எனக்கும் தைத்துக் கொடுத்தார்."

"இருமிகினு இருந்தாரா? அவருக்குப் பனி ஆவாது."

"இல்லை."

"சீட்டு குடுத்தது அவரு. நீங்க ஒண்ணும் புடுங்கல" என்றாள். அவ்வளவுதான். நாலு வருஷமாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்ததை அவள் ஒரு வரியில் நகர்த்தி வைத்துவிட்டாள். எனக்குத்தான் அழுகை வந்தது. அவள் அழவில்லை.

பிறகு கிணற்று மேட்டைக் காட்டி, "அந்த மரத்த பத்தி இன்னா சொன்னாரு?" என்றாள்.

சொன்னேன். ரோஜா வாசனை, நார் கிடையாது, தோலோடு தின்னலாம், மற்றதெல்லாம் தூசு. தினமும் படுக்கும்போது அதைச் சொல்லித்தான் தூங்க வைப்பார் என்றேன்.

ருக்கம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "புளுகு! அத்தனையும் புளுகு! பட்டணத்துல யாரோ குடுத்த மல்கோவாவ தின்னுட்டு கொட்டையக் கொண்டாந்து நட்டாரு. மொள வந்து ரெண்டு இலை உட்டுது, அவரு கப்பல் ஏறிட்டாரு. ‘கழுத்து ஒசரம் வந்துச்சு’ன்னு நான்தான் ஆள வெச்சுக் காயிதம் எழுதினேன். அவரு அந்த மரத்துல ஒரு பூவக்கூடப் பாத்ததில்லைங்க!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மற்றப் பத்து மரமும் அவர் தின்று வளர்ந்தவை. பதினோராவதை அவர் அந்த மலையில், பசியில், நட்சத்திரத்தைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, தானே பழுக்க வைத்திருக்கிறார்.

ருக்கம்மா எழுந்து கிணற்று மேட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். மரம் இரண்டு ஆள் உயரம்தான். அடியில் உதிர்ந்த பழங்கள் ஈ மொய்த்துக் கிடந்தன. அவள் மரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றாள். தனக்குத்தானே பேசுவது போலிருந்தது.

"நட்டவரு வாயில படட்டும்னு மூணு வருஷமா உட்டு வெச்சேன். ஏண்ணா, அவரு தெனமும் தின்னாரு இல்ல? ஒரு நாளு உடாம தின்னாரு இல்ல?"

"ஒரு நாளும் விடவில்லை, தங்கச்சி."

"அப்போ நட்டவரு வாயில பட்டாச்சு" என்றாள்.

கைக்கு எட்டின கிளையிலிருந்து ஒரு பழத்தைத் திருகினாள். முந்தானையில் துடைத்து, இடுப்புக் கத்தியால் இரண்டாக அறுத்தாள். "அவருகூட தின்னவரு நீங்க. மொதல்ல நீங்க தின்னுட்டு, அவரு சொன்னாமாதிரி இருக்குதான்னு சொல்லுங்க" என்று ஒரு பாதியை நீட்டினாள்.

கடித்தேன். அடேயப்பா, என்ன புளிப்பு! காதுக்குப் பின்னால் கூசியது. ஒரு வாய்க்குள் ஒரு முழக் கயிறு நார். ரோஜாவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நார் தொண்டையில் சிக்க, விழுங்கிவிட்டுச் சொன்னேன்: "அப்படியே இருக்கிறது, தங்கச்சி. அவர் சொன்ன மாதிரியே."

அவள் கண்ணை மூடிக்கொண்டு தன் பாதியைக் கடித்தாள். மென்றாள். ஒரு கண் தானாகச் சுருங்கியது. தோள் சிலிர்த்தது.

"புளிக்குதுண்ணா" என்றாள்.

"ஆமாம்" என்றேன்.

"நீங்களும் அவர மாதிரியே புளுகறீங்க!" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது சிரிப்பு முறிந்தது. மரத்தைக் கட்டிக்கொண்டு, நாலு வருஷத்து அழுகையை அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். ஒன்று பார்த்தேன்: பழத்தை அவள் துப்பவில்லை. அழுகைக்கு நடுவே முழுவதையும் தின்றாள், கொட்டையைச் சப்பி எடுக்கிற வரை.

முகத்தைக் கழுவிவிட்டு வந்து, "பேரு வெக்கணும்" என்றாள். யோசிக்கவே இல்லை. "புளுகன்" என்றாள்.

மாலை 4.30. பஸ்ஸுக்குக் கிளம்பினேன். ஒரு சின்ன ஓலைக் கூடையில் புளுகன் பன்னிரண்டு வைத்துக் கட்டிக் கொடுத்தாள். "பஸ்ஸு சத்தம் கேட்டா நான் இன்னும் எட்டிதான் பாப்பேன். அது போவாது" என்று படலைச் சாத்தும்போது சொன்னாள். "நீங்க வருஷா வருஷம் வாங்கண்ணா. ஆனில வாங்க." வருகிறேன் என்றேன். இது புளுகு இல்லை. சந்தையில் பாயைப் பார்த்து மரத்தின் பெயரைச் சொன்னேன். அவர் ஒரு பழத்தைக் காம்படியில் மோந்து பார்த்துவிட்டு, "இத யாரு சார் வாங்குவாங்க?" என்றார். அப்புறம், "அடுத்த வருஷம் இந்த மரத்தையும் சேத்துப் பேசறேன்" என்றார்.

மாலை 6.40. திருத்தணி ஸ்டேஷன். பட்டணம் போகிற வண்டியில் நிற்கத்தான் இடம். மலை ஜன்னல் வழியே பின்னால் போயிற்று. காலையில் வரும்போது அவர் எங்கேயோ ஒரு தோப்பில் பழம் தின்றுகொண்டிருந்தார். இப்போது அந்தத் தோப்பில் அவர் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் காலையில் இல்லாத ஒரு பெயர் இப்போது என்னிடம் இருக்கிறது, முனிரத்னம். பட்டணத்தில் எங்கள் வீட்டுக் கொல்லை பாய் விரிக்கிற அளவுதான். அதில் ஒரு புளுகன் கொட்டையை நடப் போகிறேன். என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அதுவே போதும், தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பழத்தைப் பற்றி நினைத்துக்கொள்ளலாம்.

பக்கத்தில் பட்டாளத்துக் கால்சட்டையோடு ஓர் ஆள், தகரப் பெட்டிமேல் கைப்பிடி இல்லாமல் ஆடிக்கொண்டு நின்றார். எங்கிருந்து எத்தனை நாளாக வருகிறாரோ, கண் இடுங்கிப்போயிருந்தது. கூடையைப் பார்த்தார்.

"என்ன ஜாதிப் பழம் சார்?"

"புளுகன்."

"கேள்விப்பட்டதே இல்லையே! இனிக்குமா?"

"இனிக்குமாவா?" என்றேன். "ரோஜா வாசனை ஐயா! நார் கிடையாது. கொட்டை தம்மாத்தூண்டு. தோலோடு தின்னலாம். இதற்கு முன்னால் மற்றதெல்லாம் தூசு."

அவர் நிமிர்ந்து நின்றார். எச்சில் விழுங்கியது தெரிந்தது. "ஒண்ணு குடுப்பீங்களா?"

"அரக்கோணம் வரட்டும்" என்றேன்.